கடைசி ரீல் வராத படம்

சிறையில் அசோகனுக்கு வைத்த பெயர் ‘காது’. அவன் உள்ளே வந்த முதல் வாரத்திலேயே அவனுடைய வழக்கு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்த்து வலது காதைச் சொறிவான். பின்னால் நிற்பவன் இடது காதைச் சொறிவான். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடும். அசோகன் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

திருச்சியிலிருந்து டார்ம்ஸ்டாட்டுக்குப் பொறியியல் படிக்க வந்தவன் அவன். படிப்பு முடியும் தறுவாயில் சீட்டாட்டம் பிடித்துக்கொண்டது. பிராங்க்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மதுக்கடையின் உள்ளறையில் சனிக்கிழமைகளில் ஆட்டம் நடக்கும். கணக்கில் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்ற நினைப்பில் போய் உட்கார்ந்தவன், கையில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு எழுந்தான். அந்த அறையை நடத்தியவனை எல்லோரும் டாக்டர் என்பார்கள். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. அவன் அசோகனைக் காப்பி குடிக்க அழைத்துப்போய், அவனை எப்படி ஏமாற்றினோம் என்பதை ஒளிக்காமல் சொன்னான். சொல்லிவிட்டு, இனிமேல் நீ மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிடு என்றான்.

வேலை சுலபம். தடிப் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஏமாறப்போகிறவனின் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும். பாடம் படிக்கிற இந்திய மாணவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அவன் கையில் நல்ல சீட்டு என்றால் வலது காதைச் சொறிய வேண்டும். மோசமென்றால் இடது காது. சில மாதங்கள் இப்படி ஓடின. கடைசியாக ஏமாந்தவன் மிலன் என்ற யுகோஸ்லாவியக் கட்டடத் தொழிலாளி. போலீஸ் உள்ளே வந்தபோது டாக்டர் சமையலறை வழியாக நழுவிவிட்டான். அசோகன் புத்தகத்தைப் பிரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். நீதிமன்றத்தில் மிலன் சாட்சி சொன்னான். தொப்பியை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு நீதிபதியை மட்டுமே பார்த்துப் பேசினான். ஒருமுறைகூட அசோகன் பக்கம் திரும்பவில்லை. அந்தத் தொப்பியை அசோகனால் மறக்க முடியவில்லை. ஓராண்டு தண்டனை. எழுபத்தைந்தாம் வருடத்துக் கோடையில் உள்ளே போனான்.

டார்ம்ஸ்டாட்டில் அப்போது இருந்த தமிழர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் ஒருவரான பார்த்தசாரதியின் அறையில் கூடி, கிடைத்த காய்கறியில் சாம்பார் வைப்பது வழக்கம். கைதுக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் அசோகனுடைய பெயரை யாரும் எடுக்கவில்லை. நாகலட்சுமி ஒருத்திதான் விதிவிலக்கு. கோயம்புத்தூர்ப் பெண், ஒளியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கத்தில் புரொஜெக்டர் ஓட்டுவதும் அவள்தான். முன்பெல்லாம் ரீல் டப்பாக்களை மாடிக்குத் தூக்கி வருவது அசோகன். படம் முடிந்து டிராம் நிறுத்தம்வரை இருவரும் அந்தப் படத்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். அவள் சிறைக்கு மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அசோகன் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் லாம் இருந்தார். ஹாங்காங்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஆங்கிலேயர் கப்பல்களில் சமையல்காரராக இருந்து, பிறகு பிராங்க்பர்ட்டில் ஒரு சீன உணவகத்துக்கு வந்தவர். வேலை முடிந்தபின் சமையல்காரர்கள் கூடித் தாயம் உருட்ட உணவகத்தின் நிலவறையை அவர் திறந்துவிடுவார். ஒருநாள் அங்கே சண்டை மூண்டு ஒருவனுக்குக் கத்திக்குத்து விழுந்தது. குத்தியவன் ஓடிவிட்டான். இடம் கொடுத்தவர் உள்ளே வந்தார். ஜெர்மன் அவருக்கு அரைகுறைகூடக் கிடையாது. பேச ஆளில்லாமல் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய கப்பல் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளக்கூடியவன் அந்தக் கட்டடத்திலேயே அசோகன் ஒருவன்தான். ஆனால் அசோகனும் பேசுகிற நிலையில் இல்லை. முற்றத்தில் நடக்க விடும் நேரத்தில் இருவரும் பக்கம் பக்கமாக நடப்பார்கள். மழை வரும் என்பார் லாம். ஆமாம் என்பான் அசோகன்.

லாமின் மௌனம் சிறைக்கு வரும் பாதிரியார் ஹோல்ஸ்மானை உறுத்திக்கொண்டிருந்தது. இளவயதுக்காரர், எதையும் செய்து பார்த்துவிடலாம் என்று நம்புகிறவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு சிறைத் தேவாலயத்தில் படம் போட அவருக்கு அனுமதி இருந்தது. இந்த முறை லாமுடைய மொழியில் ஒரு படம் போடுவது என்று தீர்மானித்தார். பிராங்க்பர்ட்டில் சீன உணவகக்காரர்களுக்காகச் சுற்றிவரும் படப்பெட்டி ஒன்று கிடைத்தது. காண்டனீஸ் நகைச்சுவைப் படம். சுவரொட்டியில் இரண்டு பேர் வாத்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். வாத்தில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். படத்தின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடும் என்று பாதிரியாரிடம் சொல்லியிருந்தார்கள். ஓடத்தான் செய்தது, ஆனால் அது சீன எழுத்து.

இந்த விஷயம் தெரியவந்தபோது படத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பாதிரியார் அசோகனின் அறைக்கு வந்தார். லாம் ஆங்கிலத்தில் சொல்லட்டும், நீ ஜெர்மனில் சொல் என்றார். கூட்டத்துக்கு முன்னால் நிற்க முடியாது என்றான் அசோகன். எனக்காக வேண்டாம், லாமுக்காக என்றார் பாதிரியார். அவன் லாமின் அறையை எட்டிப் பார்த்தான். விஷயம் தெரிந்து லாம் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல சட்டை வேண்டுமாம். அதற்குமேல் அசோகனால் மறுக்க முடியவில்லை.

பல்கலைக்கழகச் சங்கத்திலிருந்து இரவல் வாங்கிய புரொஜெக்டரோடு வரப்போவது யார் என்று மட்டும் பாதிரியார் அவனிடம் சொல்லவில்லை. அவருக்கு அவர்கள் கதை தெரியாது.

ஞாயிறு பிற்பகல் தேவாலய ஜன்னல்களுக்குப் போர்வை கட்டினார்கள். பீடத்துக்கு முன்னால் திரை. நடுவழியில் ஒரு மேசை, அதன்மேல் புரொஜெக்டர். அதன் விளக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது அசோகன் இரண்டடி தூரத்தில் நின்றான். நாகலட்சுமிதான். தடித்த நீலக் கம்பளிச் சட்டை, சேலையை முழங்கால்வரை மூடிய கறுப்புக் கோட்டு, பழைய பின்னல். திரும்பி ஓட வழியில்லை. பின்னால் கைதிகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“மைக் வயர் பத்தலை,” என்றாள் நாகலட்சுமி. “நீங்க எனக்குப் பக்கத்துலதான் நிக்கணும்.”

நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அது அவனுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

விளக்கணைந்தது. முதல் காட்சியிலேயே திரையில் ஒரு சிறைக்கதவு திறந்தது. தலைமைக் காவலர் க்ரூகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நெட்டையான ஒருவன் உள்ளே வருகிறான். அவனை ஒரு குட்டையன் பார்த்து ஏதோ கேட்கிறான். லாம் அசோகனின் காதருகில் சொன்னார். அசோகன் மைக்கைப் பிடித்து ஜெர்மனில் சொன்னான்: “எதற்காக உள்ளே வந்தாய் என்று கேட்கிறான். நெட்டை சொல்கிறான், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன்.”

தேவாலயமே அதிர்ந்தது. அந்தச் சிறையின் உருளைக்கிழங்குக் கூழைத் தின்றவர்களுக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை இல்லை. பாதிரியார் தலையில் கை வைத்துக்கொண்டார். க்ரூகர் மெல்ல உட்கார்ந்தார். அவரும் அங்கேதான் மதியம் சாப்பிடுகிறவர்.

நெட்டையும் குட்டையும் சிறையில் நண்பர்களாகிறார்கள். வெளியே வந்து சேர்ந்து தொழில் நடத்துகிறார்கள். தொழில் என்றால் சூதாட்டத்தில் பித்தலாட்டம். லாம் முதலில் திக்கித் திக்கிச் சொன்னார். பிறகு வேகம் பிடித்தது. சில இடங்களில் மொழிபெயர்க்க முடியாத சிலேடை வரும். லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், சொல்ல மாட்டார். கூட்டம் கத்தும். அசோகன் சமாளிக்க ஏதாவது சொல்வான். இரண்டாவது ரீல் ஓடும்போது லாம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் தொடங்கிவிடுவான்.

அந்த ரீலில்தான் அது வந்தது. ஒரு வாத்துக்கடைக்காரர் சூதாட உட்கார்கிறார். பருத்த உருவம், எல்லோரையும் நம்புகிற முகம். அவருக்குப் பின்னால் குட்டையன் பத்திரிகை படிப்பதுபோல உட்கார்ந்து, மூக்கைத் தொட்டும் கன்னத்தைத் தட்டியும் நெட்டைக்குச் சைகை காட்டுகிறான். ஒரு கட்டத்தில் அவன் மெதுவாகக் கையை உயர்த்தி வலது காதைச் சொறிந்தான்.

தேவாலயத்தில் சத்தம் நின்றது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லோரும் அசோகனைப் பார்த்தார்கள். லாம் விஷயம் புரியாமல், என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அசோகனுக்கு முகம் எரிந்தது. திரையில் குட்டையனுடைய காதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்திருந்தது. அவன் அதை விரட்ட விரட்ட நெட்டை தப்புத் தப்பாகப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தான். தானும் இப்படித்தான் இருந்திருப்போம், புத்தகமும் காதுமாக, இவ்வளவு கோமாளித்தனமாக. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. மைக்கை வாயருகில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: “இவனுக்குச் சரியாகச் சொறியத் தெரியவில்லை. என்னிடம் வந்திருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன்.”

கூரை பறந்துவிடும் போலச் சிரிப்பு. யாரோ ஒருவன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். நாகலட்சுமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ரீல் அவ்வளவு லேசாக இல்லை. வாத்துக்கடைக்காரர் கடையையே தோற்றுவிடுகிறார். படத்தில் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்திருந்தார்கள். கொக்கியில் தொங்கிய வாத்துகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து அவர் விடைபெறுகிறார். கூட்டம் சிரித்தது. அசோகன் சிரிக்கவில்லை. கடைக்காரர் சாத்திய கதவுக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவன் மைக்கைத் தாழ்த்திவிட்டான். லாம் சொன்னதை இரண்டு தடவை கேட்டுத்தான் சொன்னான். நெட்டையை மறுபடி போலீஸ் பிடித்துக்கொண்டு போவதோடு ரீல் முடிந்தது.

நாகலட்சுமி கடைசி டப்பாவைத் திறந்து ரீலை மாட்டினாள். திரையில் ஒரு நிலவு தோன்றியது. பட்டுடை உடுத்திய ஒரு பெண் பாலத்தின்மேல் நின்று நீண்ட பாட்டு ஒன்றைப் பாடினாள். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. நெட்டையின் மனைவியோ என்று ஒருவன் கேட்டான். வாள் ஏந்திய கிழவர் ஒருவர் வந்து அழுதார். லாம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அசோகனிடம், இது வேறு படம் என்றார்.

டப்பா மாறியிருந்தது. எங்கே எந்த ஊரில் மாறியதோ தெரியாது. அசோகன் அதைச் சொன்னதும் எண்பது பேர் காலால் தரையை உதைக்கத் தொடங்கினார்கள். நெட்டை என்ன ஆனான் என்று தெரியாமல் போக மாட்டோம் என்றார்கள். க்ரூகர் எழுந்து, எல்லோரும் அறைக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தார்.

“நீங்களே சொல்லி முடிங்க,” என்றாள் நாகலட்சுமி தமிழில்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்தப் படம் பார்த்ததே இல்லை.”

“இங்க யாரு பார்த்திருக்காங்க? இவ்வளவு நேரம் நீங்க சொன்னதைத்தானே கேட்டாங்க.” அவள் ரீலைக் கழற்றினாள். வெறும் விளக்கைப் போட்டாள். திரை வெள்ளையாகப் பளிச்சென்று ஆனது. “நெட்டை என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தோணுது?”

அசோகன் லாமைப் பார்த்தான். லாம் என்ன புரிந்துகொண்டாரோ, நல்ல சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குள் போய் நின்றார். திரையில் அவருடைய நிழல் பெரிதாக விழுந்தது. கால் உதைப்பு அடங்கியது.

“நெட்டைக்குத் தண்டனை முடிகிறது,” என்று தொடங்கினான் அசோகன். லாம் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கண் கூச வெயிலைப் பார்த்தார். கைதட்டல் எழுந்தது. “வாசலில் குட்டையன் நிற்கிறான். புதிதாக ஓர் ஆட்டம் இருக்கிறது, வா என்கிறான். நெட்டை போகவில்லை. வாத்துக்கடைக்குப் போகிறான்.”

எதற்கு என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

எதற்கு என்று அசோகனுக்கும் அதுவரை தெரியாது. “போகாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான்,” என்றான்.

கடைக்காரர் என்ன செய்வார் என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. உதைப்பார் என்றார்கள் சிலர். மன்னித்துவிடுவார் என்று பாதிரியார் சொன்னதற்கு எல்லோரும் ஊளையிட்டார்கள். அசோகன் அதை ஆங்கிலத்தில் லாமிடம் கேட்டான். லாம் சற்று யோசித்தார். பிறகு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாத்துக்கடைக்காரராக மாறினார். வந்தவனை மேலும் கீழும் பார்த்தார். மூலையைக் கைகாட்டினார். அங்கே அழுக்குப் பாத்திரம் மலைபோலக் குவிந்திருக்கிறது என்பதைக் கையாலேயே காட்டினார். மறுபடி நெட்டையாக மாறி அதைப் பார்த்து மயங்கி விழப்போனார். பிறகு எழுந்து தேய்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, தேய்த்து, அலசி, துடைத்து வைத்தார். சமையலறையிலேயே வாழ்ந்த மனிதர். கையில் ஒன்றுமில்லாமலே தண்ணீர் சத்தம் கேட்டது. க்ரூகர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

விளக்குப் போட்டதும் லாமைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவர் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவரைச் சிறைச் சமையலறைக்கு மாற்றினார்கள். உருளைக்கிழங்கு ஒழியவில்லை, ஆனால் வியாழக்கிழமைகளில் அதை வெங்காயத்தோடு வறுத்துக் கொடுத்தார்.

நாகலட்சுமி மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முன்புபோலவே அசோகன் ரீல் டப்பாக்களை அடுக்கிக் கட்டினான்.

“அடுத்த தடவை நான் வந்தா பார்ப்பீங்களா?” என்று கேட்டாள்.

“பார்ப்பேன்.”

“படிப்பு என்ன ஆச்சுன்னு உங்க புரொஃபசர் என்கிட்ட கேட்டார். நான் என்ன சொல்றது?”

“என்ன சொன்னீங்க?”

“முடிப்பார்னு சொல்லிட்டேன். அதனால நீங்க முடிச்சாகணும்.”

அதன் பிறகு அவள் வரும்போதெல்லாம் பாடப்புத்தகம் கொண்டுவந்தாள். தடிப் புத்தகத்தை முதலில் கையில் வாங்கியபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. படிக்கத் தொடங்கியபின் அது வெறும் புத்தகமாகிவிட்டது. தண்டனையில் கொஞ்சம் குறைத்து அடுத்த வருட வசந்தத்தில் வெளியே விட்டார்கள். வெளிநாட்டார் அலுவலகம் அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. பாதிரியார் அங்கே போய் நாள் முழுக்க உட்கார்ந்து வாதாடினார். பேராசிரியரும் ஒரு வார்த்தை சொன்னார். படிப்பு முடியும்வரை, ஒரு வருடம், இருக்கலாம் என்றார்கள். ஒரு வருடம் போதும் என்று அசோகன் நினைத்தான்.

வெளியே வந்த மறுவாரம் மிலனைத் தேடிப் போனான். நாகலட்சுமி கூட வந்தாள். ஆனால் டிராம் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டாள். பிராங்க்பர்ட்டின் வடக்கே அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மதிய இடைவேளை. செங்கல் அடுக்கின்மேல் மிலன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அசோகனைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

அசோகன் சொல்ல நினைத்ததையெல்லாம் வழியில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான். அங்கே நின்றதும், “நான் உன்னை ஏமாற்றினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்,” என்பது மட்டுமே வந்தது. மாதாமாதம் முடிந்ததைத் தருகிறேன் என்று சேர்த்துச் சொன்னான்.

மிலன் மீதி ரொட்டியைத் தாளில் மடித்து வைத்தான். பிறகு, “கோர்ட்டில் உன்னைப் பார்க்காதது கோபத்தால் இல்லை,” என்றான். “சீட்டாடித் தோற்றவன் என்று என்னை நீ பார்க்கக்கூடாது என்றுதான்.” தருவதைத் தா, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றான். மனைவி கோடையில் வருகிறாளாம். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாதாம். உள்ளே என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டான். அசோகன் உருளைக்கிழங்குக் கூழைப் பற்றிச் சொன்னான். லாமைப் பற்றிச் சொன்னான். சங்கு ஊதியதும் மிலன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கை கொடுக்காமல், தலையை மட்டும் அசைத்துவிட்டு ஏணியில் ஏறினான். பாதி ஏறி நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் குறைகிறது, கால்பந்து ஆட வருவாயா என்று கேட்டான். ஆடத் தெரியாது என்றான் அசோகன். எங்களுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு மிலன் மேலே போனான்.

டிராம் நிறுத்தத்தில் நாகலட்சுமி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் நினைவுபடுத்தினாள்.

“எல்லாரும் பார்ப்பாங்க இல்ல?” என்றான் அசோகன்.

“பார்ப்பாங்க. ரெண்டு நாள் பார்ப்பாங்க. அப்புறம் அவங்கவங்களுக்கு வேலை இருக்கு.”

டிராம் வந்தது. உள்ளே கூட்டம், இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சங்கத்தில் அடுத்த வாரம் போடப்போகும் படம் படுமோசம் என்றாள் அவள். பார்க்காமலே எப்படிச் சொல்லலாம் என்று அசோகன் கேட்டான். அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துபோனதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.